கடிதத்தில் ஒரு திருத்தம்

"நேத்து நீங்க எழுதின மனுவுல அஞ்சு தப்பு" என்றார் கனகசபை.

செபத்தியம்மாள் மை உலர ஊதிக்கொண்டிருந்தாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு இருபது வருடமாக ஆங்கில மனு எழுதுகிறவள். படித்தது பத்தாம் வகுப்பு.

கனகசபை பதினெட்டு வருடம் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். பள்ளியை மூடிவிட்டார்கள். தொழில் கற்க அவளிடம் வந்து மூன்று மாதம். இதுவரை காகிதம் மடிக்கவும் உறை ஒட்டவும்தான் விட்டிருந்தாள்.

"'அக்செப்ட்' வரவேண்டிய இடத்துல 'எக்செப்ட்' போட்டிருக்கீங்க. ஏத்துக்குங்கன்னு கேக்க வந்தவனை நீங்களே ஒதுக்கி வெச்சுட்டீங்க."

"அவனுக்கு உத்தரவு கிடைச்சிடுச்சே, வாத்தியார் சார்."

"அதான் எனக்குப் புரியல. தப்பா எழுதற உங்ககிட்ட கூட்டம். எனக்கு எப்ப ஒரு மனு தருவீங்க?"

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"உக்காருங்க. வந்தவங்க கொண்டுவந்த காகிதத்துல என்ன இருக்குன்னு முதல்ல அவங்களுக்குத் தமிழ்ல சொல்லிடணும். அப்புறந்தான் பேனா. இங்க வழக்கம் அது."

"இது ஒரு வேலையா?" என்று உட்கார்ந்தார்.

அடுத்து வந்தவள் பெயர் மெர்சலின். வெயிலில் நடந்து வந்திருந்தாள். ஒரு கடிதத்தை நீட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரு போன படகு திரும்பி இருபது நாளாச்சு... இல்ல, திரும்பல சார். போயி இருபது நாளு. இன்னிக்கு ஆபீஸ்லேர்ந்து இது வந்துது. இங்கிலீஷ்ல இருக்கு. மேற்கால இன்னும் தேடச் சொல்லி எழுதிக் குடுங்க."

கனகசபை படித்தார். ஒரே பத்தி.

பதினெட்டு நாள் தேடியும் பலன் இல்லை. படகில் இருந்தவர்கள் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. தேடுதல் இத்துடன் நிறுத்தப்படுகிறது.

பலனைக் குறிக்க 'எஃபெக்ட்' என்று வரவேண்டும். 'அஃபெக்ட்' என்றிருந்தது.

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. சிவப்பு மையால் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். மேலே சரியான சொல்லை எழுதினார்.

"பாருங்க" என்று செபத்தியிடம் நீட்டினார். "பெரிய ஆபீஸ்லயும் உங்க கதைதான்."

செபத்தி கடிதம் முழுவதையும் படித்தாள். மறுபடி அவர் முன்னால் வைத்தாள்.

மெர்சலின் மேஜைமேல் குனிந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

"அன்னிக்கும் ஆபீஸ்ல கடல் மேப்புல இப்படித்தான் வட்டம் போட்டாங்க. இதுக்குள்ளதான் தேடறோம்னாங்க."

சிவப்பு வட்டத்தின் நடுவில் விரலை வைத்தாள்.

"இங்கயா சார் இருக்காரு?"

கனகசபை செபத்தியைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறாங்க" என்றாள் அவள்.