கல்லில் விட்டுப்போன வரி

பெரியவர்களே, பிள்ளைகளே, கேளுங்கள். மலையடிவாரத்தில் காடு பெரிதாகவும் ஊர் சிறிதாகவும் இருந்த காலத்தில், சேந்தன் என்றொரு வைத்தியர் வாழ்ந்தார். அவருக்கு வேர் தெரியும், பட்டை தெரியும், காளான் தெரியும். அவர் கை பட்டாலே பாதி நோய் போய்விடும் என்று ஊரார் நம்பினார்கள்.

ஒரு மழைக்காலத்தில் நாடெங்கும் காய்ச்சல் பரவியது. காய்ச்சல் விட்ட பிறகும் உடம்பு தேறவில்லை. ஆட்கள் எழுந்து நிற்க மாட்டாமல் கிடந்தார்கள். சேந்தன் காடெல்லாம் அலைந்தார். ஒரு வேரைக் கொடுத்தார், பலிக்கவில்லை. ஒரு பட்டையைக் கொடுத்தார், பலிக்கவில்லை. கடைசியில் கறையான் புற்றில் பூத்திருந்த வெள்ளைக் காளானைப் பறித்து, சுக்கும் மிளகும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினார். முதலில் தாம் குடித்தார். பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார். கிடந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் நடந்தார்கள், நடந்தவர்கள் வயலுக்குப் போனார்கள்.

அரசன் அகமகிழ்ந்தான். “இந்த மருந்து எல்லாருக்கும் சேரட்டும்” என்று மூன்று கற்களில் அதை வெட்டுவித்தான். ஒரு கல் அரண்மனை வாசலில், ஒரு கல் சந்தையில், ஒரு கல் ஆற்றுத்துறையில். ‘மழைக்குப் பின் புற்றில் பூக்கும் வெள்ளைக் காளான், சுக்கு, மிளகு, கஞ்சி. சேந்தன் சொன்னது’ என்று அதில் இருந்தது. அரசன் நட்ட கல்லில் உளி வைப்பவனுக்கு வலது கை போகும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

மூன்று ஆண்டுகள் நல்லபடியாகக் கழிந்தன.

நாலாம் ஆண்டு மழை ஓய்ந்ததும், சேந்தனின் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அவள் பெயர் கொற்றி. ஆற்றுத்துறையில் விறகு விற்பவள். கையில் ஒரு தேக்கிலைப் பொட்டலம்.

“ஐயா, என் இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வந்து தணிந்தது. துறையிலிருக்கும் கல்லை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். புற்றில் பூத்த காளானைப் பறித்து, அதன்படியே கஞ்சி வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். நான் எந்த இடத்தில் தவறினேன்? அதை மட்டும் சொல்லுங்கள்.”

பொட்டலத்தைப் பிரித்தாள். சமைக்காமல் மீந்த காளான் ஒன்று உள்ளே இருந்தது. சேந்தன் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். காம்பின் அடியில் சின்னக் கிண்ணம்போல் ஓர் உறை. பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது, அது நச்சுக் காளான்.

“நீ பறித்தது வேறு காளான், அம்மா” என்றார்.

கொற்றி அவர் கையிலிருந்த காளானைப் பார்த்தாள். “அப்படியானால் என் பிள்ளைகளை நானேதான் கொன்றேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

சேந்தனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தக் காளானையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழைக்குப் பின் பூத்ததா? ஆம். புற்றில் பூத்ததா? ஆம். வெள்ளையா? ஆம். கல் சொன்ன மூன்றும் சரியாகவே இருந்தன.

நல்ல காளானின் காம்பு வேரைப்போலப் புற்றுக்குள் ஒரு சாண் ஆழம் இறங்கியிருக்கும். சேந்தன் பறிக்கும்போதெல்லாம் மண்ணைத் தோண்டி அதைத் தொட்டுப் பார்த்த பிறகே பறிப்பார். அது அவர் கைக்கு அவ்வளவு பழக்கம். வாயால் சொல்ல வேண்டிய ஒன்று என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கல்லிலும் அது ஏறவில்லை.

அவர் அரசனிடம் ஓடி, கொற்றியின் பிள்ளைகள் இறந்ததைச் சொன்னார். “அரசே, கல்லில் ஒரு வரி விட்டுப்போயிற்று. சேர்க்க வேண்டும். விட்டவன் நான் என்றும் எழுத வேண்டும்.”

அரசன் முகம் சுளித்தான். “ஆயிரம் பேர் பிழைத்த மருந்து அது. கல் தவறு என்றால் நட்டவனும் தவறு. ஒருத்தி கண் தெரியாமல் பறித்ததற்கு என் பெயர் கெட வேண்டுமா? பேசாமல் போங்கள், வைத்தியரே.”

மறுநாள் போனார், அதே பதில். அதற்கும் மறுநாள் போனார், வாயிற்காவலன் உள்ளே விடவில்லை. அன்று மாலை கிழக்குக் கரையிலிருந்து இன்னொரு சாவுச் செய்தி வந்தது. அங்கும் காளான் கஞ்சிதான்.

பொழுது விடிந்ததும் சேந்தன் ஒரு கல்தச்சனிடம் உளியும் சுத்தியலும் இரவல் வாங்கிக்கொண்டு ஆற்றுத்துறைக்குப் போனார். படகுக்குக் காத்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அரசன் கல்லில் உளியை வைத்தார். எழுத்து கோணியது, விரலில் இரத்தம் வந்தது. கடைசி எழுத்து வரை அவர் நிறுத்தவில்லை.

சேவகர்கள் வந்து பிடித்தார்கள். செய்தி கேட்டு அரசனே துறைக்கு வந்தான். சேந்தன் வெட்டியதை உரக்க வாசிக்கும்படி ஒரு சேவகனிடம் சொன்னான்.

“காம்பு ஒரு சாண் மண்ணுக்குள் இறங்காவிட்டால் பறிக்காதே. அடியில் கிண்ணம் இருந்தால் தொடாதே. ஐயம் இருந்தால் விட்டுவிடு. இதை முன்பே சொல்லாதது சேந்தன் பிழை.”

கூட்டத்தில் கொற்றி நின்றிருந்தாள். சேந்தன் அவள் பக்கம் திரும்பினார். “நீ எங்கேயும் தவறவில்லை, அம்மா. தவறியவன் நான். அது தெரிந்த பிறகும் உன்னைத் தேடி வந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.”

பிள்ளைகளைப் புதைத்த நாளில்கூட அழாத கொற்றி, அங்கேயே மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அரசன் அவளிடம் கேட்டான். “சட்டப்படி இவர் கையை வெட்ட வேண்டும். இழந்தவள் நீ. என்ன சொல்கிறாய்?”

கொற்றி கண்ணைத் துடைத்தாள். “அவரை என்னால் மன்னிக்க முடியாது, அரசே. ஆனால் அந்தக் கை இருக்கட்டும். இன்னும் இரண்டு கல் பாக்கி இருக்கிறது.”

அரசன் தலை குனிந்தான். “என் பிழையையும் சேர்த்து வெட்டுங்கள், வைத்தியரே” என்றான்.

சந்தைக் கல்லிலும் அரண்மனைக் கல்லிலும் சேந்தனே வெட்டினார். அதன் பிறகு எந்த மருந்தைச் சொன்னாலும், அதை முன்பின் அறியாத ஒருவரைக் காட்டுக்கு அழைத்துப்போய், சொன்னதை மட்டும் வைத்துப் பறிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்த பிறகே ஊருக்குச் சொன்னார். அந்நாட்டில் காளான் கஞ்சியால் அப்புறம் ஒரு சாவும் நேரவில்லை.

உயிரைக் காக்க வந்தவர்கள், தம் பெயரைக் காப்பதற்காகத் தம் பிழையை மறைக்கக் கூடாது.