புங்க இலைச் சுருள்

பூவலிங்கத்துக்கு அறுபது வயது. மலையடிவாரத்து மடத்துக்கு அவர் வந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. வந்த நாள் முதல் ஒரே கேள்வியோடு ஒற்றைக் காலில் நிற்கிறார்.

“கல் அறைச் சாவியை எப்பம்மா தருவீங்க?”

மடத்துக்குப் பின்னால் பாறைச் சரிவில் இருக்கிறது அந்த அறை. உள்ளே போகிறவர் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வாய் திறக்கக் கூடாது. கட்டிய வேட்டியும் ஒரு செம்பும் தவிர வேறெதையும் கொண்டுபோகக் கூடாது. சாவதற்குள் ஒரு நாளாவது மனசு அடங்கிக் கிடக்க வேண்டும், அது அந்த அறையில்தான் நடக்கும் என்று பூவலிங்கம் நம்பியிருந்தார்.

குரு உமையாளம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். ஒருநாள் அவரை ஓடைக்கரைப் புங்க மரத்தடிக்குக் கூட்டிப்போனார். தாழ்ந்த கிளையில் ஓர் இலை பீடி போலச் சுருண்டிருந்தது.

“இதுக்குள்ள இலைச்சுருட்டுப் புழு இருக்கு. நூல் விட்டு இலையைத் தச்சு, உள்ளேயே தின்னு, உள்ளேயே கூடு கட்டித் தூங்கி, அந்துப்பூச்சியா வெளியே வரும். வர்ற அன்னைக்குச் சாவி தர்றேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். தொடக் கூடாது.”

மூன்றாம் நாள் பூவலிங்கம் இலையைப் பிரித்துவிட்டார். பச்சைப் புழு ஒன்று துள்ளிப் பின்வாங்கி, நூலில் தொங்கி, புல்லுக்குள் இறங்கிக் காணாமல் போனது.

“பிரிச்சீங்களா?”

“இருக்கான்னு பார்த்தேன்.”

“வேற இலை பாருங்க.”

இரண்டாவது சுருளைப் பிரிக்கவில்லை. முள்ளால் ஓரத்தை லேசாக நெம்பி எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். மறுநாள் அந்த இடுக்கு வழியாக எறும்பு சாரைசாரையாகப் போய்வந்துகொண்டிருந்தது. முப்பது வருடம் போஸ்ட்மாஸ்டராக இருந்து அடுத்தவர் கவரை ஒருநாளும் பிரிக்காத மனிதருக்கு, ஒரு புங்க இலையைப் பிரிக்காமலிருக்க முடியவில்லை.

“வேற இலை பாருங்க” என்றார் அம்மை.

மூன்றாவது சுருளின் முன்னால் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கை சும்மா இருந்தது, வாய் இருக்கவில்லை. தண்ணீர் எடுக்க வரும் அம்மையிடம் தன் தம்பி மாயலிங்கத்தின் கதைதான்.

“ஊர்க் கோயில்ல, அத்தனை சனத்துக்கு முன்னாடி பூசாரி பரிவட்டத்தை மாயலிங்கத்துக்கு முதல்ல கட்டினாரும்மா. மூத்தவன் பக்கத்துல நிக்கிறேன். இவன் தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டான்! ஆறு வருஷம் ஆச்சு. அவன் முகத்துல முழிக்கல.”

“சொன்னீங்க.”

“ஒரு வார்த்தை, ‘அண்ணனுக்குக் கட்டுங்க சாமி’ன்னு சொன்னானா?”

“அதையும் சொன்னீங்க.” அம்மை குடத்தைத் தூக்கினார். மடத்துப் பசுவுக்கே அந்தக் கதை மனப்பாடம்.

அந்த வாரம் மாயலிங்கத்திடமிருந்து ஒரு கவர் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. தம்பி மகளுக்குக் கல்யாணம் என்று பிரிக்காமலே தெரிந்தது. பூவலிங்கம் அதைத் துணிப்பையின் அடியில் போட்டுவிட்டு வந்து, அதைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினார்.

இருபத்து நான்காம் நாள் காலையில் சுருளின் நுனி அசைந்தது. பூவலிங்கம் குனிந்து பார்த்தார். வெளியே வந்தது எறும்பளவு கறுப்புக் குளவி. மீசையைத் துடைத்துவிட்டுப் பறந்து போனது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. பாய்ந்து இலையைப் பிரித்தார். உள்ளே வெள்ளையாக ஒரு சின்னக் கூடு, பக்கத்தில் புழுவின் வெறும் தோல். அதை அப்படியே ஏந்திக்கொண்டு மடத்துக்கு ஓடினார். அம்மை கீரைப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“இது என்னம்மா நியாயம்? நான் தொடலை. மூச்சுக்கூட படாம உட்கார்ந்திருந்தேன். ஒரு நூல் அறுபடலை, ஒரு ஓட்டை இல்லை. குளவி எப்படி உள்ளே போச்சு?”

அம்மை இலையை வாங்கிப் பார்த்தார்.

“புழு முட்டையா இருக்கும்போதே வந்து, அந்த முட்டைக்குள்ள தன் முட்டையை வச்சிட்டுப் போற குளவி இது. அதைச் சுமந்துக்கிட்டேதான் புழு வளரும், இலையைச் சுருட்டும்.”

“அப்ப சுருட்டினதுல கோளாறு இல்லையா?”

“இல்லையே. எவ்வளவு நெருக்கமா தச்சிருக்கு பாருங்க.”

பூவலிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. “புழு கதை எனக்கு எதுக்கும்மா? பதினாலு மாசமா கேட்கிறேன். உண்டு இல்லைன்னு ஒண்ணு சொல்லுங்க!”

அம்மை இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து அவர் கையில் வைத்தார்.

“இந்தாங்க. போங்க.”

இப்படிச் சட்டென்று கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினார். பூட்டைத் திறந்தார். வாசலில் பையைக் கவிழ்த்தார். சட்டை, கண்ணாடிக் கூடு, திருநீற்றுப் பை எல்லாவற்றையும் பாறை மேல் வைத்தார். கடைசியாக மஞ்சள் கவர் விழுந்தது. அதைச் சட்டைக்கு அடியில் வைத்தார். எடுத்தார். இடுப்பில் செருகினார். அதையும் எடுத்தார். வெயில் ஏறும்வரை அந்த வாசலிலேயே நின்றார்.

பிறகு கதவைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்தார். சாவியைப் பாத்தி வரப்பில் வைத்தார். மறு கையில் கவர் இருந்தது.

அம்மை களையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“கல்யாணம் என்னைக்குங்கய்யா?”

பூவலிங்கம் கவரைத் திருப்பிப் பார்த்தார். அதை அவர் இன்னும் பிரிக்கவில்லை.