வளராத இளவரசன்

ஒரு காலத்துல மலையடிவாரத்துல மாங்குடின்னு ஒரு ஊரு, அந்த ஊருக்கு ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு ஒரே ஒரு புள்ள, பேரு பூபதி. அஞ்சு வயசாகியும் மூணு வயசுப் புள்ள உசரந்தான் இருந்தான். அவனுக்குப் பால் குடுத்து வளத்தவ அங்கம்மா. தறிக்காரன் மாரண்ணன் பொண்டாட்டி. அவளுக்கும் அதே வயசுல ஒரு பொண்ணு இருந்துச்சு, நல்லாயின்னு.

"நாடும் வளரல, என் புள்ளையும் வளரல, என்ன செய்யலாம்?"னு ராஜா மந்திரியைக் கேட்டாரு. மந்திரி பேராசைக்காரன். "இளவரசர் வளந்தா நாடு தானா வளந்துடும் மகாராஜா. ஊர்ப் பாலையெல்லாம் அரண்மனைக்குக் கொண்டாரச் சொல்லுங்க"ன்னான். பால் வந்துச்சு, புள்ள வளரல. "கேப்பையையும் கொண்டாரச் சொல்லுங்க"ன்னான். கேப்பை வந்துச்சு, புள்ள வளரல. "பருப்பு, முட்டை எல்லாத்தையும்"னான். அதுவும் வந்துச்சு, புள்ள வளரல. ஒரு சின்ன வயிறு எவ்வளவுதான் தின்னும், நீங்களே சொல்லுங்க. மிச்சமெல்லாம் மந்திரி வீட்டுக்குப் போச்சு, தானியமெல்லாம் அவன் குதிருல குவிஞ்சுச்சு.

ஓடினா சதை கரைஞ்சுடும்னு பூபதியை ஒரு அறையில வச்சுப் பூட்டினாங்க. தூங்கினா எழுப்பி எழுப்பி ஊட்டணும்னு மந்திரி உத்தரவு. அங்கம்மா ஊட்டுவா, புள்ள வாந்தி எடுக்கும், மறுபடி ஊட்டுவா. இங்க நெய்ச்சோறு தரையில சிந்திக் கெடக்கு, அங்க நல்லாயி தண்ணியைக் குடிச்சுட்டுச் சுருண்டு கெடக்கா. ஒரு பிடி எடுத்துட்டுப் போகலாம்னா, வாசக் காவக்காரன் முந்தானையை உதறிப் பாத்துத்தான் விடுவான்.

ஒரு நா மந்திரி வந்து, "பொங்கலுக்குள்ள இளவரசர் வளரலேன்னா, உன் பால்தான் கெட்ட பால்னு ராஜாகிட்ட சொல்லுவேன். குடும்பத்தோட காட்டுக்குப் போக வேண்டியதுதான்"னான்.

அது புள்ள காதுலயும் விழுந்துடுச்சு. மந்திரி போனதும், "என்னாலயா உன்னையக் காட்டுக்கு அனுப்புவாங்க?"ன்னு அவ சேலையைப் பிடிச்சுக்கிட்டான். அங்கம்மாவுக்கு அதுக்கு மேல தாங்கல. அழுக்குத் துணி மூட்டைக்குள்ள அவனை உக்கார வச்சுத் தூக்கிட்டு நடந்தா. காவக்காரன் முந்தானையை உதறினான். மூட்டையில வாந்தி நாத்தம். மூக்கைப் பொத்திக்கிட்டு, "போ போ"ன்னுட்டான்.

வீட்டுக்கு வந்தப்புறம் என்ன செய்யறதுன்னு அவளுக்கே தெரியல. புள்ள நல்லாயிகூட மண்ணுல எறங்கிட்டான். ஓடினான், விழுந்தான், எந்திரிச்சு ஓடினான். அப்புறம் வந்து, "பசிக்குது"ன்னான். அந்த வார்த்தையை அவன் வாயால அவ கேட்டதே இல்ல. காட்டுக் கீரையும் கடைசிப் பிடி நொய்யும் போட்ட கஞ்சி கொஞ்சம் இருந்துச்சு. ரெண்டும் பங்கு போட்டுக் குடிச்சுட்டு அப்படியே தூங்கிடுச்சுங்க. அவ வாசப்படியில உக்காந்து, அரண்மனைக் குதிரைச் சத்தம் கேக்குதா கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டே இருந்தா.

புள்ளையைக் காணோம்னு ராஜாவே தெருத்தெருவா தேடி வந்தாரு. தறிச் சத்தமே இல்ல. வீட்டுத் திண்ணையிலேருந்து தள்ளாடி எந்திரிச்ச மாரண்ணனை, "ஏன்யா தறி ஓடல?"ன்னு கேட்டாரு.

"கையைத் தூக்கத் தெம்பில்லீங்க மகாராஜா. ஏர் பிடிக்கவும் ஆளில்ல. ஊரே படுத்துக் கெடக்கு."

"சோறு திங்கறதில்லையா?"

"எல்லாந்தான் அரண்மனைக்கு வந்துடுச்சுங்களே."

ராஜா குனிஞ்சு வீட்டுக்குள்ள பாத்தாரு. ரெண்டு புள்ளைங்களும் ஒண்ணு மேல ஒண்ணு கால் போட்டுத் தூங்குது. அங்கம்மா அவர் கால்ல விழுந்தா. "சாமி, என்னைய வெட்டிப் போடுங்க, புள்ளைய மட்டும் இப்ப எழுப்பாதீங்க."

ராஜா எழுப்பல. அவன் தானா முழிக்கிற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தாரு.

அப்புறம் அங்கம்மா நடந்ததையெல்லாம் சொன்னா, மந்திரி வீட்டுத் தானியக் குதிரெல்லாம் தெறந்து ஊருக்கு வீடுவீடாக் குடுத்தாங்க. மந்திரியை அதே அறையில பூட்டி, கண்ணு சொக்கும்போதெல்லாம் எழுப்பி நெய்ச்சோறு ஊட்டினாங்க. "கொஞ்சம் நடக்க விடுங்க, கொஞ்சம் தூங்க விடுங்க"ன்னு அழுதான். விட்டாங்க. தெனம் விடிஞ்சா தலையில பால் குடத்தைச் சுமந்துகிட்டு வீட்டுக்கு வீடு நடக்க விட்டாங்க.

புள்ளைங்க தின்னுச்சு, ஓடுச்சு, தூங்குச்சு, வளந்துச்சு. பெத்தவங்க கையில தெம்பு வந்துச்சு. தறி ஓடுச்சு, ஏர் ஓடுச்சு, நாடும் வளந்துச்சு. அங்கம்மாவுக்கு மட்டும் குதிரைச் சத்தம் கேட்டா ரொம்ப நாள் வரைக்கும் நெஞ்சு திக்குன்னு இருக்குமாம்.

ஒரு வீட்டுல குவிச்சு வச்சா யாரும் வளர மாட்டாங்க கண்ணுகளா. அவங்க அங்க பகுந்து தின்னு வளந்தாங்க, நீங்க இங்க நல்லாத் தூங்கி வளருங்க.