ஆட்காட்டிக்கு அந்தக் குரல் வந்த கதை

அந்தக் காலத்தில், ஊர்வன பறப்பன எல்லாவற்றுக்கும் வாயும் பேச்சும் இருந்த நாளில், ஆட்காட்டிக் குருவி கத்தவே கத்தாது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். இன்றைக்குப் பொட்டலில் ஓர் ஆள் கால் வைத்தால் போதும், காது கிழியக் கத்திக்கொண்டு தலைக்கு மேலே சுற்றுகிறதே, அதே பறவைதான். அன்றைக்கு அதன் குரல் அவ்வளவு தணிவு. பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் என்ன சொல்கிறது என்றே கேட்கும். அந்தக் குரலைப் பாழாக்கியவன் ஒரு வீரன். அந்தக் கண்றாவியைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு கண்மாய் இருந்தது. அதை வெட்டிய மனிதர்கள் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போய் வெகு காலம் ஆகியிருந்தது. கரை மட்டும் அப்படியே நின்றது. கரைக்கு உள்ளே நீர்க்கோழிகளும் தவளைகளும் மீன்களும் இருந்தன. கரைக்கு வெளியே பள்ளத்தில் வயல் எலிகள் வளை பறித்திருந்தன. அதை ஒட்டிய சரளைப் பொட்டலில் ஒச்சம்மா என்ற ஆட்காட்டியும் அவள் புருஷன் தவசியும் குடியிருந்தார்கள்.

ஒச்சம்மா நான்கு முட்டை இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். முதல் ஈட்டு முட்டைகளை மான்கூட்டம் ஓடுகிற ஓட்டத்தில் மிதித்துவிட்டது. இரண்டாவது ஈட்டைக் கீரி தின்றுவிட்டது. இது மூன்றாவது. பொரிக்க இன்னும் எட்டு நாள் பாக்கி. ஆட்காட்டிக் குஞ்சு பொரித்த அன்றைக்கே எழுந்து நடக்கும். நடந்துவிட்டால் மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். அதுவரை அந்த நான்கு முட்டைகளும் கிடந்த இடத்திலேயே பத்திரமாகக் கிடக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்து அடைமழை பிடித்தது. மலையிலிருந்து வந்த வெள்ளம் ஒரு மருதமரத்தை வேரோடு புரட்டிக்கொண்டு வந்து கலிங்கில் செருகிவிட்டது. கண்மாயில் மிஞ்சுகிற தண்ணீர் வெளியே வழிந்து போகிற வழிதான் கலிங்கு. அது அடைபட்டதும் தண்ணீர் மளமளவென்று ஏறியது. நாணலில் இருந்த நீர்க்கோழிக் கூடுகள் முழுக ஒரு சாண்தான் பாக்கி.

"மரத்தைப் பிடுங்குங்க! என் பிள்ளைங்க எல்லாம் தண்ணிக்குள்ள போகப்போகுது!" என்று நீர்க்கோழிகளின் தலைவி செவந்தி கரைமேல் நின்று கூப்பாடு போட்டாள்.

"பிடுங்கித்தான் பாரேன்! மொத்தத் தண்ணியும் எங்க வளைக்குள்ளதான் வந்து விழும். எங்க பிள்ளைங்க என்ன மீனா, நீந்திக்கிட்டுப் போக?" என்று பள்ளத்திலிருந்து எலித் தலைவன் மொக்கையன் பதில் கொடுத்தான்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். சிக்கலே அதில்தான் இருந்தது. மரத்தை விட்டால் உள்ளே சாவு, எடுத்தால் வெளியே சாவு. தண்ணீர் வந்தால் எலியாவது குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடும். ஒச்சம்மா முட்டையை எதால் கவ்வுவாள்? ஆகவே தவசியை முட்டைமேல் உட்கார்த்திவிட்டு அவளே கிளம்பினாள்.

மழை விட்டதும் கரைக்கும் பள்ளத்துக்குமாக இரண்டு நாள் நடந்தாள், பறந்தாள், கெஞ்சினாள். மரத்தில் பன்னிரண்டு கிளைகள் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. அவள் சொன்ன யோசனை இதுதான்: எலிகள் ஒரு நாளைக்கு இரண்டு கிளையாகக் கடித்தெடுக்க வேண்டியது. தண்ணீர் பழைய வாய்க்கால் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிடும். அதுவரை நீர்க்கோழிகள் நாணலைக் கொண்டுவந்து கூட்டை உயர்த்திக்கொள்ள வேண்டியது. எலிகள் இரை தேடப் போக முடியாதே, அதற்காக நீர்க்கோழிகள் கோரைக்கிழங்கு கொண்டுவந்து கொடுக்க வேண்டியது. ஆறு நாளில் பன்னிரண்டு கிளையும் போய்விடும். ஏழாம் நாள் குஞ்சுகள் நடக்கும்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் செவந்தி, "எலிக்கு நான் கிழங்கு சுமக்கணுமாக்கும்?" என்று கோபித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாள். அவளைச் சமாதானம் செய்து வெளியே கொண்டுவந்தால், மொக்கையன், "கிழங்கு பெரிசா இருக்கணும். சுண்டைக்காய் மாதிரி கொண்டாந்தா நான் கடிக்க மாட்டேன்" என்று புதிதாக ஒன்றைக் கிளப்பினான். ஒச்சம்மாவுக்குத் தொண்டை வறண்டுபோயிற்று. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஐந்தாவது தடவை இரண்டு பேரும் சரி என்றார்கள்.

வேலை தொடங்கியது. முதல் நாள் தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. இரண்டாம் நாள் இன்னும் ஒரு விரல். மூன்றாம் நாள் செவந்தி தானாகவே ஒரு பெரிய கிழங்கைக் கொண்டுவந்து மொக்கையன் முன்னால் போட்டாள். அவன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றான். ஒச்சம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. நான்காம் நாள் விடிந்ததும் தவசி அவளைக் கூப்பிட்டு, "காதை வச்சுக் கேளு" என்றான். ஒரு முட்டைக்குள்ளிருந்து டொக் டொக் என்று தட்டுகிற சத்தம் வந்தது. அவள் வெகுநேரம் காதை எடுக்கவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தவளைகள் இருக்கின்றனவே, அவற்றுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இதெல்லாம் ஒரு வேலையா? ஒரு நாளைக்கு ரெண்டு கிளை, ஒரு விரல் தண்ணி. பார்க்கவே தூக்கம் வருது. நம்ம இடும்பன் அண்ணன் இருந்தா ஒரே நொடி!" என்றது ஒரு தவளை.

இடும்பன் என்பது மலையடிவாரத்துக் காட்டுப்பன்றி. நேராகத்தான் ஓடும். வளைந்து போக அதற்குத் தெரியாது. அதன் பிரதாபம் காடு முழுக்கப் பேச்சு. இரண்டு மைனாக்கள் ஒரு பொந்துக்குச் சண்டை போட்டபோது, இடும்பன் போய் அந்த மரத்தையே முட்டிச் சாய்த்துவிட்டதாம். "சண்டை தீர்ந்துச்சா இல்லையா?" என்று தவளைகள் மெய்சிலிர்த்துக் கேட்கும். மைனாக்கள் எங்கே போய்க் குடியிருந்தன என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அந்த மகராசனுக்குத்தான் தவளைகள் கொக்கு மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தன.

அன்று உச்சிப்பொழுதில் புதர்களை மிதித்துக்கொண்டு இடும்பன் வந்து நின்றது. தலையைத் தூக்கி ஓர் உறுமல் உறுமிற்று.

"யாரை முட்டணும்?"

ஒச்சம்மா ஓடிப்போய் முன்னால் நின்றாள். "யாரையும் முட்ட வேண்டாம் அண்ணே. கலிங்குல மரம் அடைச்சிருச்சு. நாங்களே கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டிருக்கோம். கீழே எலிங்க குடியிருக்கு, என் முட்டை இருக்கு, அதனால தண்ணியை ஒரேயடியா விட முடியாது. மேலே நீர்க்கோழிங்க..."

"நீட்டாதே. இதுல கெட்டவன் யாரு? அதைச் சொல்லு."

"கெட்டவன் யாரும் இல்லைண்ணே."

"அதெப்படி இல்லாமப் போகும்? அப்ப அந்த மரத்தை முட்டுறேன்."

"மரத்தை முட்டினா தண்ணி மொத்தமா வந்துருமே!"

"அப்ப தண்ணியை முட்டுறேன்."

ஒச்சம்மா கண்ணை மூடித் திறந்தாள். "அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். மூணே நாள். அந்த நிழல்ல படுத்திருங்க. கோரைக்கிழங்கு கொண்டாரச் சொல்றேன். வேடிக்கை பாருங்க, போதும்."

கிழங்கு என்றதும் இடும்பனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. உண்மையிலேயே போய்ப் படுத்தும்விட்டது. ஒச்சம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் தவளைகள் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அண்ணன் படுத்துட்டாரே! பயந்துட்டாரா?" என்றது ஒன்று. "எங்க அண்ணனா? எழுந்தாருன்னா கண்மாய் தாங்காது!" என்றது இன்னொன்று. உடனே கண்மாய் முழுவதும், இடும்பன்! இடும்பன்! என்று ஒரே இரைச்சல். தன் பெயரைக் கேட்டுக்கொண்டே எந்த வீரனால் படுத்திருக்க முடியும்? இடும்பன் எழுந்தது, மயிரைச் சிலிர்த்தது, ஓடி வந்தது. "அண்ணே, வேண்டாம்ணே!" என்று ஒச்சம்மா அதன் முகத்துக்கு நேரே பறந்து பறந்து சொன்னாள். அந்த மெல்லிய குரல் அந்த ஆரவாரத்தில் யாருக்குக் கேட்கும்?

மரத்தையாவது முட்டியிருக்கலாம். அதன் வேரும் கிளையும் குத்தும் போலிருந்தன. பக்கத்தில் கரை மழையில் ஊறி மெத்தென்று நின்றது. இடும்பன் கரையை முட்டிற்று. மூன்றே முட்டு. கரை வாயைப் பிளந்தது.

தண்ணீர் வந்த வேகத்தில் மொக்கையன் இரண்டு குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு மேட்டில் ஏறினான். வாய் நிறையக் குட்டி இருந்ததால் அவனால் திட்டக்கூட முடியவில்லை. மற்ற எலிகளும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடின. தவசி முட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் தண்ணீரே அவனைத் தூக்கி அப்பால் போட்டது.

பொரிக்கப்போகிற முட்டை தண்ணீரில் மிதக்கும். நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போவதை ஒச்சம்மா மேலேயிருந்து பார்த்தாள். தட்டிய முட்டை எது என்று அவளுக்குத் தெரியும். அதன்கூடவே பறந்துபோனாள். வாய்க்கால் திரும்புகிற இடத்தில் இருந்த பாறை வரை போனாள். அதற்கப்புறம் பறக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது தவளைகள் குதித்துக் குதித்துப் பாடிக்கொண்டிருந்தன. செவந்திகூட முதலில், "கூடு தப்பிச்சுது!" என்று இறக்கையை அடித்தாள். தண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் கண்மாய் காலி. செவந்தியின் கூடு நட்டநடுச் சேற்றில், நரி நடந்து வந்து எட்டிப்பார்க்கிற உயரத்தில் நின்றது. மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. அப்போதும் தவளைகள் பாட்டை நிறுத்தவில்லை. மரம்? அது கலிங்கில் அப்படியே, ஆறு கிளைகளோடு கிடந்தது. பாழாய்ப்போன அந்த மரத்தின்மேல் இடும்பனின் மயிர்கூடப் படவில்லை.

ஒச்சம்மா தன் இடத்தில் வந்து நின்றாள். சரளைக்கல் மேல் வண்டல் படிந்திருந்தது. தவசி நனைந்த இறக்கையோடு அந்த வெறும் பள்ளத்தின்மேல் அடைகாப்பதுபோலவே உட்கார்ந்திருந்தான்.

வெற்றி உலா வந்த இடும்பன் அவர்களைப் பார்த்து நின்றது. முகத்தில் சேறு, கண்ணில் பெருமிதம். கெட்ட மனசு என்று சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சல்.

"என்ன தங்கச்சி, ஒரு மாதிரி நிக்கிறே? முட்டை எங்கே?"

ஒச்சம்மா வாய்க்கால் பக்கம் திரும்பினாள்.

"போயிருச்சா?" இடும்பனுக்கு மயிர் சிலிர்த்தது. காலால் மண்ணைப் பறித்தது. "எவன் செஞ்சான்? ஆளை மட்டும் காட்டு தங்கச்சி. இப்பவே முட்டிடறேன்!"

ஒச்சம்மா அதைப் பார்த்தாள். இரண்டு நாள் கெஞ்சிய கெஞ்சல், ஐந்து தடவை முதலிலிருந்து ஆரம்பித்த பேச்சு, காதுக்குள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்த அந்த டொக் டொக், எல்லாம் தொண்டையில் ஏறின. வாயைத் திறந்தாள். அதுவரை அந்தப் பொட்டலில் யாரும் கேட்டிராத ஒரு கத்தல் வந்தது. மலையில் பட்டுத் திரும்பியது. தவளைகள் கப்பென்று வாயை மூடின. தவசி எழுந்து அவள் பக்கத்தில் வந்து, அவனும் கத்தினான். இடும்பன் அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு நேராக நடந்து போய்விட்டது.

மறுவருஷம் ஒச்சம்மா அதே சரளையில் மறுபடி நான்கு முட்டை இட்டாள். தூரத்தில் ஏதோ காலடி கேட்டது. யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து கத்தத் தொடங்கினாள்.

அன்று முதல்தான் ஆட்காட்டி, பொட்டலில் யார் கால் பட்டாலும் கத்துகிறது. முட்டையைத் தின்ன வருகிறவனா, உதவி செய்ய வருகிறவனா என்று நின்று பார்ப்பதில்லை.