கொட்டகைக் கட்சி உடைந்த கதை

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு ஊர். அங்கே சதுப்பு நிலத்துக் கரிமண்ணை வெட்டிக் காயவைத்துத்தான் அடுப்பெரிப்பார்கள். அந்த ஊரில் டெக்லன் என்பவனுடைய கொட்டகையில் இருந்த கருவிகள் ஒரு காலத்தில் ஒரு கட்சி வைத்திருந்தன. மண்வெட்டி தலைவர். தள்ளுவண்டி செயலாளர்.

கொட்டகை ஒழுகி எல்லோரும் துருப்பிடித்துக்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில் கட்சி வேலைநிறுத்தம் செய்தது. மண்வெட்டி வெட்டவில்லை, தள்ளுவண்டி உருளவில்லை. டெக்லன் திட்டிப் பார்த்தான், உதைத்துப் பார்த்தான். கடைசியில் கூரைக்குப் புதுத் தகரம் அடித்துக் கொடுத்தான்.

அதோடு நிற்காமல், "மாதம் ஒருமுறை உங்களில் ஒருவர் என் சமையலறைக்கு வந்து குறைகளைச் சொல்லலாம், நாற்காலி போடுகிறேன்" என்றும் சொன்னான்.

அங்கேதான் வினை வந்தது.

"போவோம். உள்ளே போனால்தான் நம் குரல் அவன் காதில் விழும்" என்றது தள்ளுவண்டி.

"அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் அவனுடைய ஆளாகத்தான் எழுந்து வருவான்" என்றது மண்வெட்டி.

மூன்று கூட்டம் போட்டும் தீரவில்லை. நான்காவதில் மண்வெட்டி "துரோகி" என்றது. தள்ளுவண்டி, "உனக்கு அலகு மட்டுமா துருப்பிடித்தது?" என்று கேட்டது. மறுநாள் தள்ளுவண்டியும் கயிறும் கோடாலியும் மாட்டுத் தொழுவத்துக்குக் குடிபோயின.

தள்ளுவண்டி ஒரே ஒருமுறை சமையலறைக்குப் போனது. அடுத்த மாதம் டெக்லன் அதை மறந்துவிட்டான். நாற்காலியில் பூனை படுத்துக்கொண்டது. சண்டைக்குக் காரணமே போய்விட்டது. ஆனால் சண்டை போகவில்லை.

பதினான்கு வருடம் இரண்டும் ஒரே சதுப்பில் வேலை செய்தன. மண்வெட்டி வெட்டிப் போடும், தள்ளுவண்டி சுமக்கும். ஒரு வார்த்தை கிடையாது. வேண்டுமென்றே மண்வெட்டி கட்டிகளை ஓங்கி எறியும். வண்டியின் வயிறெல்லாம் நசுங்கல். டெக்லன் மேலிருந்த கோபம் எந்த வருடம் தணிந்தது என்று மண்வெட்டிக்கே தெரியாது. இந்தக் கோபம் மட்டும் கூர் மழுங்கவில்லை.

கொட்டகையில் பழையவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். புதிதாக ஒரு பிளாஸ்டிக் வாளி வந்தது. மண்வெட்டி அதனிடம் வேலைநிறுத்தக் கதையைச் சொன்னது. வாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கூரை எப்பவும் இப்படித்தானே இருக்கு?" என்றது.

அந்த இலையுதிர் காலத்தில் தள்ளுவண்டியின் அச்சு முறிந்தது. பழைய இரும்பு வாங்குகிறவன் வருவதற்காக டெக்லன் அதைக் கொட்டகையின் வெளிச்சுவரோரம் கவிழ்த்து வைத்தான். அன்று வாய்க்கால் வெட்டிவிட்டு வந்தவன் மண்வெட்டியையும் அதன் பக்கத்திலேயே சாத்திவிட்டுச் சாப்பிடப் போனான்.

பதினான்கு வருடமாகச் சேர்த்துவைத்த பேச்சு மண்வெட்டியிடம் இருந்தது. ஆனால் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"கூரைக்காகப் பதினோரு நாள் போராடினோம். எல்லாத்தையும் கெடுத்தே" என்றது.

"பன்னிரண்டு நாள்" என்றது தள்ளுவண்டி.

"பதினொண்ணு. எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்."

"முதல் நாளை விட்டுட்டே. அன்னைக்கு மத்தவங்க யாரும் வரலை. நீயும் நானும்தான் நின்னோம். பயமா இருக்குன்னு சொன்னே."

தூறல் போட ஆரம்பித்தது.

"ஆனா நாற்காலி விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி" என்றது மண்வெட்டி.

"இல்லை. ஒரு தடவை போனதுக்கே சாணைக்கல் வாங்கிக் கொடுத்தான். எல்லாருமா விடாமப் போயிருக்கணும்."

"சாணைக்கல்லைக் கொடுத்து உன்னை வாங்கினான்."

"உன் அலகைத்தான் அதில் தீட்டினான்."

இருட்டும்வரை வாதம் ஓயவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. இடையில் வாளி எட்டிப் பார்த்து, "சண்டையா?" என்று கேட்டது. "நீ உள்ளே போ" என்றன இரண்டும் ஒன்றாக.

மறுநாள் காலை இரும்புக்காரன் தள்ளுவண்டியைத் தூக்கி லாரியில் போட்டுக்கொண்டு போனான்.

அதன்பின் அந்தக் கொட்டகையில் மண்வெட்டி என்ன சொன்னாலும் மறுத்துப் பேச யாருமில்லை.