ஆவி படிந்த கண்ணாடி

பவானிக்குப் பக்கத்தில் ஆற்றோரமாய் ஓர் ஆசிரமம் இருக்கிறது. அதை நடத்துகிற வடிவாம்பிகை அம்மாவுக்கு வயது முப்பத்தாறுதான். சீடர் மகுடபதிக்கு நாற்பத்தொன்று. ஞானத்துக்கு ரேஷன் கார்டில் வயது பார்ப்பார்களா என்ன? அவரும் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வியாழக்கிழமை காலை. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகுடபதி எதிரில் வந்து உட்கார்ந்தார். மூக்கின் மேல் சோடாபுட்டிக் கண்ணாடி. உட்கார்ந்தவர் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன, கீரையை எண்ணிட்டு இருக்கீங்களா?” என்றார் அம்மா.

“ஒரு சந்தேகமுங்கம்மா. கண்ணுக்கு லேசர் ஆபரேஷன் பண்ணிக்கலாமா வேண்டாமான்னு.”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டாருங்க. பண்ணலாம்னுட்டார். திங்கக்கிழமைக்குத் தேதி குடுத்திருக்கார். அரை மணி நேரத்துல முடிஞ்சுரும்ங்கறார்.”

“டாக்டருக்கே இல்லாத சந்தேகம் எனக்கு எதுக்கு? பண்ணிக்க வேண்டியதுதானே.”

மகுடபதி ஒரு கீரைக்காம்பை எடுத்து விரலில் சுற்றினார். சுற்றிச் சுற்றி அது அறுந்துபோனது.

“குருபூஜை அன்னிக்கு ஒரு தப்பு நடந்துபோச்சுங்க.”

“சொல்லுங்க.”

குருபூஜைப் பந்தியில் அவருக்குச் சாம்பார் வாளி. பெரிய உத்தியோகம் பார்க்கிறவர்கள்தான் அங்கே வாளி தூக்க வேண்டும். அது அம்மா வைத்த வழக்கம். அடுப்பிலிருந்து நேரே இறக்கிய சாம்பார். ஆவி அடித்துக் கண்ணாடி வெள்ளையாகிவிடும். அதனால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு மனிதர்களெல்லாம் வேட்டி சுற்றிய மூட்டைகள்தான். இலை மட்டும் பச்சையாய்த் தெரியும். சாம்பார் ஊற்ற அது போதாதா?

அந்தப் பந்தியில் தன் ஆபீஸ் மேலதிகாரியைக் குடும்பத்தோடு அவரே கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார். அதற்கு முந்தின இலையில் மகுடபதியின் அப்பா. பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்கிறவர். மகன் பரிமாறுகிற அழகைப் பார்க்கலாம் என்று, கடலைக் கூடையோடு அப்படியே வந்துவிட்டார். கூடையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“‘பெரியவரே, அடுத்த நடைக்கு வர்றேன்’னு சொல்லிட்டு, அப்பா இலையைத் தாண்டி அதிகாரிக்கு ஊத்தப் போயிட்டேனுங்க. கண்ணாடி இல்லீங்களா, அடையாளம் தெரியல.”

“அப்பா என்ன பண்ணினார்?”

“வெறுஞ்சோத்தோட இலையை மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.”

“வீட்டுல வஞ்சாரா?”

“ஒரு வார்த்தை வையலீங்க. எங்கம்மாகிட்ட, ‘பாவம், பையன் கண்ணாடி போடல, தெரியல’ன்னாராம். லேசர் பண்ணிக்கோன்னு அவருதான் தினம் போன் பண்றார். அவரு கடலை விக்கற எடத்துல யாரோ ஒரு பையனுக்குப் பண்ணி, கண்ணு பளிச்சுன்னு ஆயிருச்சாம்.”

அம்மா கீரை முறத்தைத் தள்ளி வைத்தார்.

“கண்ணாடியைக் கழட்டுங்க.”

கழற்றினார். அம்மா சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “உள்ள இருக்கறவங்க ஒவ்வொருத்தரா இவர்கிட்ட ஏதாவது கேளுங்க!”

“ஏனுங் சார், காப்பி குடிக்கறீங்களா?”

“குப்பாயி அக்கா,” என்றார் மகுடபதி.

“அண்ணே, மோட்டார் போட்டு உடட்டுமா?”

“தோட்டத்து மாதேஷ்.”

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“பால்காரர். ரெண்டு நாளாச் சளி அவருக்கு.” மகுடபதிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“பலே! கெட்டிக்காரர்தான்,” என்றார் அம்மா. “அன்னிக்குப் பந்தியில அப்பா வாயே திறக்கலையா?”

மகுடபதியின் காதுமடல் சுட்டது. கண்ணாடி கையிலேயே இருந்தது. போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

“திறந்தாருங்க.”

“என்னன்னு?”

“‘இங்க கொஞ்சம் ஊத்து சாமி’ன்னு.”

நாற்பத்தொரு வருஷமாய்க் கேட்கிற குரல். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அந்தக் குரல் வந்ததும் அதிகாரியின் தலை இந்தப் பக்கம் திரும்பியது மங்கலாய்த் தெரிந்தது. கூடையைத்தான் பார்க்கிறார் என்று தோன்றியது. அடுத்த நொடி இவர் வாயில் ‘பெரியவரே’ வந்துவிட்டது. பெற்ற அப்பனைப் போய்! அன்று முதல் சாம்பார் வாசனை வந்தாலே மகுடபதிக்குத் தலை தானாகக் குனிந்துகொள்கிறது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை.

“அசிங்கமா இருக்குங்கம்மா,” என்றார். “அதனாலதான் லேசர் பண்ணிட்டு, கண்ணாடி இல்லாம அப்பா முன்னாடி போய் நிக்கலாம்னு பார்த்தேன். இனிமே இப்படி நடக்காதுப்பான்னு சொல்லிரலாம்னு.”

அம்மா முறத்தை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“லேசர் தாராளமாப் பண்ணிக்கோங்க. துணைக்கு ஆளில்லைன்னா நானே வர்றேன். ஆனா அதுக்கு முன்னாடி போய் அப்பாவைப் பார்த்துருங்க.”

“நடுவுல மூணே நாள்தானுங்க இருக்கு. பண்ணிட்டே போறனே?”

“கண்ணு நல்லாயிட்டா, கண்ணு மேலதான் தப்புன்னு அந்த மனுஷன் சாகற வரைக்கும் நம்பிட்டிருப்பார்.”