தர்பூசணிக்குப் பத்து நடை தண்ணீர்

பாலைவனத்தின் நடுவே ஒரு சிறு சுனை. அதன் கரையில் துள்ளி என்ற முயல் ஒரு தர்பூசணிக் கொடி வளர்த்து வந்தது. கோடை முற்றினால் சுனை வற்றிவிடும். பிறகு முதல் மழை வரும்வரை துள்ளியின் நான்கு குட்டிகளுக்கும் தண்ணீர் என்றால், அது பழத்துக்குள் இருக்கும் தண்ணீர்தான்.

அதனால் துள்ளி கொடியைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தது. உச்சி வெயிலில் சுரைக்குடுக்கையைச் சுமந்துகொண்டு சுனைக்கும் கொடிக்குமாகப் பத்து நடை ஓடும். ஒவ்வொரு நடைக்கும் இலைமேல் நாலு தெளிப்பு! கொடியடியில் காய்ந்த புல் ஒன்று கிடந்தாலும் பொறுக்காது, உடனே பெருக்கித் தள்ளிவிடும். அக்கம்பக்கத்தில் இப்படிச் சுத்தமான தோட்டம் உண்டா என்று அதற்குப் பெருமை வேறு.

ஆனால் கொடி நாளுக்கு நாள் வாடியது. பிஞ்சுகள் உதிர்ந்து, நெல்லிக்காய் அளவில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

கொடிக்குக் கீழே வளையில் குடியிருந்த வெள்ளெலி மண்ணாண்டி ஒருநாள் தலையை நீட்டியது. "அக்கா, நீங்க ஊத்துற தண்ணி ஒரு சொட்டுகூட என் வீட்டுக் கூரைவரைக்கும் வரலையே!"

துள்ளிக்குக் கோபம் மூக்குக்குமேல் வந்தது. கொடிக்குப் போகும் தண்ணீரைத் தன் வீட்டுக்குத் திருப்ப எலி போடும் திட்டம் இது என்று நினைத்தது. "பொய் சொல்லாதே தம்பி. உன் வீடு இந்நேரம் குளமாகியிருக்கும். தோண்டியே காட்டுறேன்" என்று கொடியோரம் மண்ணைப் பறிக்கத் தொடங்கியது.

மேலே ஈரம். ஒரு விரற்கடை போனதும் புழுதி. இன்னும் தோண்டினால் இன்னும் புழுதி. ஈரத்தைத் தேடி மேலே வந்த வேர்கள் சூட்டில் கருகிக் கிடந்தன.

துள்ளி அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டது. "நானே கெடுத்துட்டேனே. என் பிள்ளைங்க எதைக் குடிக்கும்?"

"உயிர் இருக்கு அக்கா. முதல்ல அந்த ஓட்டத்தை நிறுத்துங்க" என்றது மண்ணாண்டி.

அது குடுக்கையின் அடியில் மிளகளவு ஓட்டை கடித்தது. இரண்டும் சேர்ந்து குடுக்கையை வேருக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்தன. பொழுது சாய்ந்ததும் ஒரே ஒருமுறை நிரப்பினால் போதும், தண்ணீர் மெல்லக் கசிந்து ஆழத்துக்கு இறங்கியது. பெருக்கித் தள்ளிய காய்ந்த புல்லையெல்லாம் துள்ளி திரும்ப அள்ளி வந்து வெயில் படாதபடி வேரை மூடியது. தோட்டம் குப்பைமேடாகக் காட்சியளித்தது. நண்பகலில் சும்மா இருக்கத்தான் துள்ளியால் முடியவில்லை. கால்கள் பரபரத்தன.

ஐந்தாம் நாள் கொடி நிமிர்ந்தது. சுனை வற்றிய வாரத்தில் பழம் துள்ளியைவிடப் பெரிதாக இருந்தது! குட்டிகள் முகம் முழுக்கச் சாறு வழியக் குடித்தன. அந்தக் கோடையில் ஒரு குட்டிகூடத் தாகத்தால் சோரவில்லை.

இலையில் தெளிக்கும் பத்துக் குடத்தைவிட, வேருக்குப் போய்ச் சேரும் ஒரு குடமே மேல்.